ஓட்டை வாளி

"திரும்பிப் பார்த்தா பின்னால ஆள் இல்லக்கா," என்றார் கயித்தான்.

பிரகாசி தூண்டில் முள்ளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சின்னப் படகுக்காரர்களின் சங்கத்தைக் கட்டியவர் கயித்தான். அடி வாங்கியவரும் அவர்தான், ஜெயிலுக்குப் போனவரும் அவர்தான். மாலை மட்டும் வேறு கழுத்துகளைத் தேடிப் போனது. பெரிய விசைப்படகுகள் கரையோரம் வந்து சின்னவன் வலையை அறுத்துப்போகிற வழக்கு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

பிரகாசி அவரைவிட இளையவள். தனியாகக் கடலுக்குப் போகிறவள், அதிகம் பேசாதவள். அந்தக் கரையில் கிழவர்களுக்கும் அவள் அக்காதான். பெரிய முடிவு எதையும் எடுக்குமுன் அவளிடம் வந்து நிற்பது அங்கே பழக்கம். அவள் சொன்னால் கூட்டம் மறுக்காது.

"யாரால?" என்று கேட்டாள்.

"லாசரால."

"என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்ய மாட்டான். அதான் வினை. கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டு கேள்வி கேப்பான். மறியல்னா, எத்தனை நாளுன்னு கேப்பான். ரோட்டுல படுப்போம்னா, அதுவரைக்கும் வீட்டுல அடுப்பு எரியுறதுக்கு என்ன வழிம்பான். நான் ஒரு அடி வச்சா அவன் பின்னாலருந்து இழுக்கான்."

"அவன் கேட்டது தப்பா?"

"தப்பு சரி இல்லக்கா. வேகம் போயிருது."

அவர் கையில் ஒரு கித்தான் பை. எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். அதை விரித்துக் காட்டினார். உள்ளே நோட்டீஸ் கட்டு.

"நாளைக்குப் பொதுக்கூட்டம். லாசரைச் சங்கத்தைவிட்டு நீக்குறோம். நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்தை, 'அவன் போகட்டும்'னு சொல்லணும். அது போதும்."

பிரகாசி தீட்டிய முள்ளை நகத்தில் வைத்துப் பார்த்தாள்.

"காத்து ஏறுது. சீலா மீன் மேய வந்திருக்கும். வர்றீரா?"

"பதில் சொல்லலியே."

"ஆள் இல்ல. சுக்கான் பிடிக்க ஒரு கை வேணும்."

அவர் பையோடு ஏறினார்.

*

வாடைக்காற்று முதுகில் அடித்தது.

கடலுக்கடியில் நீளமாகப் பாறைத்திட்டு ஒன்று ஓடுகிறது. அதைப் பார் என்பார்கள். அதன் ஓரத்திலேயே படகை ஓட்டிப்போக வேண்டும். படகின் இரண்டு பக்கமும் கழி நீட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நீளத் தூண்டில். நுனியில் மினுங்குகிற பொய் இரை. படகு ஓட ஓட அதுவும் நீந்தும். உயிர் மீன் போலவே நீந்தினால் சீலா பிடிக்கும். இல்லாவிட்டால் சும்மா பார்த்துவிட்டுப் போய்விடும்.

பிரகாசி இன்ஜினைக் கயித்தான் கையில் கொடுத்தாள். பின்பக்கம், நடுவில், கயிற்றில் கட்டிய ஒரு பழைய வாளியைத் தண்ணீரில் இறக்கினாள். வாளியின் அடியில் ஓட்டைகள்.

கயிறு இறுகியது. படகின் ஓட்டம் தளர்ந்தது.

"இது எதுக்குக்கா? ஓட்டை வாளி."

"கிடக்கட்டும்."

"ஓட்டையையாவது அடைக்கலாம்லா?"

"அடைச்சா கயிறு அறும்."

"இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக் கட்டுனா என்ன?"

"கிட்ட வந்தா தூண்டிலோட சிக்கும்."

பிரகாசி முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தூண்டிலில் ஒரு சீலா விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கயித்தானும் கடலில் பிறந்தவர்தான். சங்கத்துக்காகக் கரையேறிய பிறகு கை கொஞ்சம் மறந்திருந்தது, அவ்வளவுதான். மீன் விழ விழ ரத்தம் சூடேறியது. எழுந்து நின்று பின்னால் பார்த்தார்.

"உக்காரும்ணே. இது மேடை இல்ல."

அவர் உட்கார்ந்தார். ஆனால் கண் வாளியைவிட்டுப் போகவில்லை. நல்ல காற்று. நல்ல இன்ஜின். பார் முழுக்க மீன். இவ்வளவும் இருக்க, பின்னால் ஒரு ஓட்டை வாளி இழுத்துக்கொண்டே வருகிறது. எங்கோ பார்த்த முகம் போல இருந்தது அவருக்கு.

மீன் அறுக்கிற கத்தி காலடியில் கிடந்தது.

யாரையும் கேட்டு முடிவெடுத்துப் பழகிய மனிதர் இல்லை அவர். அறுத்தார்.

*

படகு குதித்து ஓடியது. ஒரு கணம் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு பொய் இரை இரண்டும் தண்ணீரைவிட்டு மேலே துள்ளத் தொடங்கின. பறக்கிற மீனை எந்தச் சீலா நம்பும்? கயித்தான் இன்ஜினைக் குறைத்தார். படகின் ஓட்டம் குறையவில்லை. ஓட்டுவது இப்போது காற்று. பின்னாலிருந்து அலை வந்து தூக்கியது. சுக்கானைத் திருப்பினார். கையில் பிடி இருந்தது, படகில் இல்லை. அது தன் இஷ்டத்துக்குச் சுழன்று காற்றுக்குக் குறுக்கே விழுந்தது.

தூண்டில் இரண்டும் தொய்ந்து படகுக்கு அடியில் போயின. இன்ஜின் முக்கியது. நின்றது.

அலை விலாவில் மோதி உள்ளே தண்ணீர் ஊற்றியது. காற்று தள்ளிய திசையில், பார் மேலேறி வருகிற இடத்தில், வெள்ளை வெள்ளையாக நுரை கொதித்தது.

கயித்தானுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆயிரம் பேருக்கு முன்னால் ஒட்டாத நாக்கு.

"நங்கூரம்," என்றார்.

"கயிறு எட்டாது. ஆழம்."

பிரகாசி படகைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். கண் கித்தான் பையில் நின்றது.

"அதைக் கொடும்."

"அக்கா, நோட்டீஸ்..."

"கொடும்ணே."

கொடுத்தார். அவள் காகிதக் கட்டைப் படகுக்குள்ளேயே கவிழ்த்தாள். பையின் இரண்டு காதிலும் நங்கூரக் கயிற்றைக் கோத்து முடிந்தாள். கத்தியை வாங்கி அடியில் இரண்டு குத்துக் குத்தினாள். முன்பக்கமிருந்து கடலில் எறிந்தாள்.

பை தண்ணீரைக் குடித்து வாயைத் திறந்தது. கயிறு விறைத்தது. படகின் மூக்கு, யாரோ காதைப் பிடித்துத் திருப்பியதுபோல, மெல்ல மெல்லக் காற்றைப் பார்க்கத் திரும்பியது. விலாவில் அடித்த அலை இப்போது மூக்கில் பிளந்து இரண்டு பக்கமும் போனது.

நுரை அருகே வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நிதானமாக வந்தது.

பிரகாசி இன்ஜினைத் தூக்கினாள். விசிறியில் சுற்றிய தூண்டில் நரம்பை அறுத்து அறுத்து எடுத்தாள். கயித்தான் குனிந்து தண்ணீரை இறைத்தார். இறைக்கப் பாத்திரம் எதுவும் இல்லை. கையால் இறைத்தார். கையோடு நோட்டீஸும் வந்தது. "லாசர் என்பவரை" என்பது வரை படிக்க முடிந்தது. மீதி மை கரைந்து விரலில் ஒட்டியது.

இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"நல்ல பை," என்றாள் பிரகாசி, அதை இழுத்துப் போட்டுக்கொண்டே.



*

கரை தெரிந்தபோது அவள் கேட்டாள்.

"நாளைக்குக் கூட்டத்துல நான் என்ன சொல்லணும்?"

கயித்தான் பையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

படகைப் பிடிக்க ஒருவன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தான். லாசர். படகின் விளிம்பைப் பற்றியதும் அவன் பார்த்தது மீனை அல்ல.

"வாளி எங்கக்கா?"

"அண்ணன் அறுத்துட்டாரு."

லாசர் கயித்தானைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். மறுபடி கயித்தானைப் பார்த்தான்.

"இந்தக் காத்துலயா தலைவரே?"

கயித்தான் பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு என்னைச் சங்கத்தைவிட்டுத் தூக்குறீராம், கேள்விப்பட்டேன். போறதுக்கு முன்னால இதையும் ஒரு கேள்வியா கேட்டுட்டுத்தான் போவேன். ஊர் முழுக்கக் கேக்கட்டும்."

"கேளுவே," என்றார் கயித்தான்.

லாசர் நம்பவில்லை. "உள்ள விடுவீரா?"

கயித்தான் படகைவிட்டு இறங்கினார். ஈரப் பையின் அடியில் இருந்த குத்துகளில் விரலை விட்டுப் பார்த்தார்.

"விடுறேன். ஆனா முன்னால வந்து உக்காந்துராத. எப்பவும் உக்காருற இடத்துலயே உக்காரு."