தலைவரின் முகமும் ஆமைகளின் முதுகும்

கொன்றைக் காட்டில் ஆமைகள் ஏரிக்கரையில் குடியிருந்தன. பள்ளிக்கூடமோ பாதைக்கு அந்தப் பக்கம், நாவல் மரத்தடியில் இருந்தது. தினமும் காலையில் காட்டுப்பன்றிகளும் கடமான்களும் தண்ணீர் குடிக்க அந்தப் பாதையில் தலைதெறிக்க ஓடி வரும். நடந்து வந்தாலும் ஏரி அங்கேதான் இருக்கும். இதை அவற்றுக்கு யார் சொல்வது?

கடமான் அந்தப் பாதையை நான்கே எட்டில் தாண்டிவிடும். ஆமைக்குஞ்சு தாண்டுவதற்குள் பள்ளியில் ஒரு பாடமே முடிந்துவிடும்.

ஒரு நாள் கடமான் ஒன்றின் குளம்பு, கூழாங்கல் என்ற ஆமைக்குஞ்சின் மூக்கை உரசிக்கொண்டு போனது. குஞ்சின் அம்மா பாறையம்மாள் அதைக் கண்ணெதிரே பார்த்தாள். உடனே ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே எழுத்தர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

"என்னம்மா விஷயம்?"

"பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒரு வேகத்தடை போடணும் ஐயா. மண்ணைக் கொட்டி மேடாக்கினாலே போதும். 'பள்ளி இருக்கு, மெதுவாப் போங்க'ன்னு ஒரு பலகையும் வைக்கணும்."

கொக்கு மனுவைப் புரட்டியது. "இந்தக் கட்டத்தை நிரப்பலையே! இதுவரைக்கும் எத்தனை பேர் செத்திருக்காங்க?"

பாறையம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரும் சாகலை ஐயா! சாகக் கூடாதுன்னுதானே வந்திருக்கேன்!"

"அப்போ ஒண்ணும் அவசரம் இல்லை," என்று கொக்கு மனுவை ஓரமாக வைத்தது.

உள்ளே இருந்த தலைவர் கொம்பையா இதைக் கேட்டுவிட்டார். அவர் ஒரு காட்டுப்பன்றி. தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"பலகைதானே! நாளைக்கே வெச்சிடலாம்!" என்றார்.

"வேகத்தடை, தலைவரே?"

"அதைப் போட்டா ஓடுறவங்களுக்குக் கோபம் வரும்மா. அத்தனை பேரும் ஓட்டுப் போடுறவங்க. பலகை போதும், போ!"

சொன்னபடியே மறுநாள் பலகை வந்தது. அதைப் பார்த்த ஆமைகள் வாயைப் பிளந்தன. பலகை முழுக்கக் கொம்பையாவின் முகம்! சுற்றிலும் பஞ்சாயத்து உறுப்பினர்களின் முகங்கள். ஒரு மூலையில் கொக்கின் முகமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல, 'பள்ளி. மெதுவாகச் செல்லவும்' என்று எழுதியிருந்தது. அவ்வளவு தாழ்வில் இருந்த எழுத்து ஆமைகளின் கண்ணுக்கு மட்டும்தான் பட்டது. அவை என்றைக்கு வேகமாகப் போயின?

அடுத்த நாள் காலை பன்றிகள் ஓடி வந்தன.

"டேய், நம்ம மாமா படம்டா!" என்று ஒன்று கத்தியது. அத்தனை கழுத்தும் பலகைப் பக்கம் திரும்பியது. கால்கள் மட்டும் நிற்கவில்லை.

படார்!

கூழாங்கல் உருண்டு போய் நாவல் மர வேரில் மோதியது. பாறையம்மாள் ஓட முயன்றாள். ஆமையால் எவ்வளவுதான் ஓட முடியும்? குஞ்சுக்கு மூச்சு இருந்தது. ஆனால் முதுகு ஓட்டில் குறுக்கே விரிசல் விழுந்திருந்தது.

குஞ்சுக்குப் பச்சிலை வைத்துக் கட்டிவிட்டு, அவள் மறுபடியும் அலுவலகம் போனாள்.

கொக்கு பேனாவை எடுத்தது. "செத்துடுச்சா?"

"இல்லை ஐயா. ஓட்டுல விரிசல் விழுந்திருக்கு."

"அடடா! அப்போ கட்டத்துல என்னன்னு எழுதறது?"

வாசலில் எந்நேரமும் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணான்கூட ஆட்டுவதை நிறுத்திவிட்டது. இப்படியும் ஒரு கேள்வியா! பாறையம்மாள் திரும்பி நடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பாதையின் நடுவே போய்ப் படுத்தாள். மற்ற ஆமைத் தாய்மார்களும் வந்து, ஓட்டோடு ஓடு ஒட்டி வரிசையாகப் படுத்தார்கள்.

"பயமா இருக்கு அக்கா," என்றாள் ஒருத்தி.

"எனக்கும்தான். தலையை உள்ளே இழுத்துக்கோ," என்றாள் பாறையம்மாள்.

முதலில் வந்த கடமான் தடுக்கித் தடுமாறியது. பின்னால் வந்தவை திட்டிக்கொண்டே வேகத்தைக் குறைத்தன. புகார் கொம்பையாவின் காதுக்குப் போனது. அவர் புழுதி பறக்க ஓடி வந்தார்.

"என்னைக் கேக்காம எவன்டா இங்க வேகத்தடை போட்டது?"

கத்தினாரே தவிர, கண் தன் படத்தின் மேல்தான் இருந்தது. கால் தடுக்கியது. குட்டிக்கரணம் அடித்து விழுந்தார்!

கண்ணைத் திறந்தார். அவருடைய கோரைப்பல் நுனிக்கு ஒரு சாண் முன்னால், பாதையைக் கடக்க வந்த ஆறு ஆமைக்குஞ்சுகள் சிலேட்டுகளோடு நின்றன. அவை பயத்தில் அழக்கூட மறந்திருந்தன. இன்னும் ஓரடி உருண்டிருந்தால்!

"ஐயையோ! இவ்வளவு சின்னப் பிள்ளைங்களா!"

"மனுவுலயும் அதைத்தான் எழுதியிருந்தேன், தலைவரே," என்று பாறையம்மாளின் குரல் ஓட்டுக்குள்ளிருந்து கேட்டது.

கொம்பையா எழுந்தார். தன் மூக்காலேயே மண்ணை முட்டித் தள்ளி, பாதைக்குக் குறுக்கே மேடு போட்டார். பலகையில் இருந்த தன் முகத்தின் மேல் சேற்றைப் பூசி, 'பள்ளி' என்று பெரிதாக எழுதினார். மேடு காய்ந்து இறுகும்வரை ஆமைத் தாய்மார்கள் எழுந்திருக்கவே இல்லை.

அன்று முதல் எல்லோரும் அங்கே நடந்துதான் போகிறார்கள். கூழாங்கல்லும் பள்ளிக்கூடம் போகிறது. அதன் ஓட்டில் விழுந்த விரிசல் மட்டும் மூடவே இல்லை.

நீதி: பிள்ளைகளைக் காப்பாற்றச் சொல்லி வரும் மனுவுக்கு உயிர்ப்பலி கேட்காமல், கேட்ட அன்றே செய்து கொடுப்பவரே தலைவர்.