சொர்ணம் கையில இருந்த டம்ளர்

படுத்துட்டியா? கையைக் கட்டிலுக்கு வெளில நீட்டு. இந்தா, இந்தக் கரண்டியைப் பிடி. கீழ தட்டு வெச்சிருக்கேன். எதுக்குன்னு இப்பக் கேக்காத. "எனக்குத் தூக்கமே வரல சித்தி"ன்னு நீ சொல்ற. வகுப்புல பெஞ்சு மேல தலையைச் சாய்ச்சிட்டான்னு உங்க டீச்சர் சொல்றாங்க. யாரு சொல்றது நெசம்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ம் கொட்டு. நிறுத்தினா கதையை நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல, வெயில் மண்டையைப் பொளக்குற ஊர்ல, சொர்ணம்னு ஒரு அப்பளக்காரி இருந்தா. கூட அவ ஓரகத்தி மரகதம். ஓரகத்தின்னா கொழுந்தன் பொண்டாட்டி. அந்தக் கொழுந்தன் செத்து ரெண்டு வருசமாச்சு. அதுலேர்ந்து ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே வேலை. சொர்ணம் மாவு பிசைவா, மரகதம் உலக்கையால இடிப்பா. தொம், தொம், தொம். அந்த வீட்டுல ஒரு வழக்கம். உப்பு போடுறது மூத்தவ கைதான். உப்புச் சாடியை வேற யாரும் தொடக் கூடாது.

அப்புறம் ஒரு பெரிய கல்யாணத்துக்கு அப்பளம் கேட்டு வந்தாங்க. சொர்ணம் கோழி கூவுறதுக்கு முந்தி எந்திரிச்சா, ஊரே அடங்கின பெறகு படுத்தா. "கொஞ்சம் தூங்குங்கக்கா"ன்னு மரகதம் சொல்லுவா. "எனக்கு மூணு மணி நேரம் போதும்டி, உன்னை மாதிரியா?"ன்னு சொல்லிட்டு, வாயைப் பொளந்து கொட்டாவி விடுவா.

ம்? கேக்குது, கேக்குது.

அப்போ ஒரு நாள் அப்பளத்தை எண்ணெயில போட்டாங்க. சர்ர்ர். வாயில வெச்சா தூ, ஒரே உப்பு. சொர்ணம் மரகதத்தை ஓரக்கண்ணால பாத்தா. 'இவதான் சாடியைத் தொட்டிருக்கா. எதுக்கு? என் பேரைக் கெடுக்கத்தான்.'

அன்னிக்கே உளுந்து அறைச் சாவியையும் காணோம். சொர்ணம் இடுப்பை விட்டு எறங்காத சாவி அது. 'இதையும் இவதான் எடுத்திருப்பா'ன்னு நெனச்சா. மரகதத்தோட பொட்டியை ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்தா. ஒண்ணும் இல்ல. 'ஒண்ணும் இல்லாம வெச்சிருக்கான்னா எவ்வளவு சூட்சுமக்காரியா இருக்கணும்'னு சந்தேகம் இன்னும் கூடிப்போச்சு.

மறுநாள் அடுப்புல எண்ணெய்ச் சட்டி புகைஞ்சு கெடந்துச்சு. யாரு வெச்சதுன்னு தெரியல. சொர்ணம் பொறுக்க முடியாம, "வீட்டையே கொளுத்தப் பாக்குறியா நீ?"ன்னு கேட்டுட்டா.

மரகதத்துக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "நாளைக்கு எங்க மாமா வீட்டுக்குப் போயிடுறேன்கா. அவங்க வீட்டுலயும் பாத்திரம் தேய்க்க ஆள் வேணுமாம்"னு சொல்லிட்டு, துணியை மூட்டை கட்டி வெச்சிட்டு, மாடிக்கு அப்பளம் காயப்போடப் போயிட்டா.

ம் எங்க? ஆங்.

சொர்ணம் யோசிச்சா. 'இவ போறதுக்குள்ள கையும் களவுமா பிடிக்கணும். தூங்குற மாதிரி நடிப்போம்.' கூடத்துல படுத்தா. கண்ணு அசந்துட்டா? கையில ஒரு டம்ளர், கீழ ஒரு தாம்பாளம். அசந்தா விழும், சத்தத்துல முழிச்சுக்கலாம். பட்டப்பகல்ல தனக்கெங்க தூக்கம் வரப்போகுதுன்னு நெனப்பு.

பத்து எண்ணுறதுக்குள்ள, டணங். எந்திரிச்சுப் பாத்தா. 'பூனை தட்டிவிட்டிருக்கும்'னா. பூனையே இல்லாத வீடு அது.

மறுபடி படுத்தா. டணங். 'மரகதந்தான் வந்து பிடுங்கிப் போட்டிருக்கா'ன்னா. மரகதம் மாடியில காக்கா ஓட்டுற சத்தம் கேக்குது. ஹுய், ஹுய்.

மூணாந்தடவை டணங்குன்னு விழுந்தது. சொர்ணத்துக்கு அது கேக்கவே இல்ல.

கண்ணு முழிச்சா, மறுநாள் விடிஞ்சு வெயில் வந்திருக்கு. தலைக்குக் கீழ தலகாணி. மேல போர்வை. வாசல் நனைஞ்சிருக்கு. மழை பேஞ்சிருக்கு, அப்பளம் மொத்தமும் கூடத்துல பத்திரமா அடுக்கியிருக்கு. எத்தனையோ நாளைக்கப்புறம் கண்ணு எரியல, யார் மேலயும் எரிச்சலா வரல. நேரா போய் மாவு பிசைய உக்காந்தா. உப்புச் சாடிக்குள்ள கையை விட்டா, என்னமோ தட்டுப்பட்டது. கிளிங்.

என்னது? ம் சொல்லு. ஆமா, சாவிதான்.

சொர்ணத்துக்கு இப்பத்தான் நெனப்பு வந்தது. அன்னிக்கு மாவுல உப்பு போட்டா. அதுக்கப்புறம் அந்தச் சாவியாலதான் உளுந்து அறையைத் தொறந்தா. அப்போ சாவி இடுப்புல இருந்திச்சு. அப்படின்னா இது சாடிக்குள்ள எப்ப விழுந்தது? ஏற்கெனவே போட்டதை மறந்து ரெண்டாந்தடவை உப்பு அள்ளக் குனிஞ்சப்ப. குனிஞ்சது யாரு? அவளேதான். அடுப்பைப் பத்த வெச்சதும் அவதான். பத்த வெச்சிட்டு, நின்னுக்கிட்டே கண்ணை மூடியிருக்கா.

வாசல்ல மரகதம் மூட்டையோட செருப்பு மாட்டிக்கிட்டிருந்தா. சொர்ணம் ஓடிப்போய் மூட்டையைப் பிடுங்கினா. "வீட்டுக்குள்ள திருடியைத் தேடினேன்டி. நாந்தான் அந்தத் திருடி. உன்னை அப்படிப் பாத்ததுக்கு எனக்கு வெக்கமா இருக்கு, போகாத"ன்னு அழுதா.

மரகதம் சாவியைப் பாத்தா. "டம்ளர் மூணாந்தடவை விழுந்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எழுப்ப மனசு வரலக்கா"ன்னு சொல்லிட்டு செருப்பைக் கழட்டினா.

அன்னிலேர்ந்து ஒரு புது வழக்கம். உப்பு போடுறதுக்கு முந்தி மரகதம் கேப்பா, "அக்கா, தூங்கினீங்களா?" சொர்ணம் கொட்டாவி விட்டா, சாடி மரகதம் கைக்குப் போயிடும்.

ம்?

ம் எங்க குட்டி?

டங்.

ஆகா. "தூக்கமே வரல"ன்னு சொன்ன ஆளோட கரண்டி தட்டுல கெடக்குது. டீச்சர் சொன்னதுதான் நெசம். அப்பளம் காஞ்சாச்சு, கதையும் காஞ்சாச்சு. ரெண்டையும் எடுத்து வெச்சிட்டேன். நாளைக்கு நேரத்தோட படுக்க வைக்கிறேன், இப்போ தூங்கு.