பீவருக்குச் சலசலப்பு ஏன் ஆகாது

பீவர் என்னும் விலங்கு வீடு கட்டிக்கொள்ளத்தான் ஓடையை அடைத்து அணை போடுகிறது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்தப் பிழை இத்தனை காலம் திருத்தப்படாமல் கிடந்தது மனித குலத்துக்கே தலைகுனிவு. உண்மை வேறு.

அந்தக் காலத்தில், விலங்குகள் பேசியதோடு நில்லாமல் கூட்டம் போட்டுத் தீர்மானமும் நிறைவேற்றிய காலத்தில், வரப்போகும் பெருவெள்ளத்திலிருந்து எல்லா உயிரிலும் ஒரு ஜோடியைக் காக்க, கடவுள் சொன்னபடி நோவா தம் பேழையை ஒகாயோவில் கட்டினார். கடவுள் கேட்டது ஒரே ஒரு வாசல். ஆனால் அது அமெரிக்கா. பயணிகள் சங்கத் தலைவியான வான்கோழி, "அவசர வழி இல்லாத இடத்தில் எங்கள் ஆட்கள் ஏற மாட்டார்கள், ஐயா" என்றது. நோவா பெருமூச்சு விட்டு, அடித்தட்டில் இரண்டாவது கதவொன்றை வைத்தார்.

மரம் கடிப்பதில் பேர்போன பீவரிடமும், சினையாயிருந்த அதன் மனைவியிடமும் சங்கம் சத்தியம் வாங்கியது: பேழையில் ஒரு பலகையிலும் பல் படக்கூடாது, பட்டால் ஜோடியோடு வெளியே.

வெள்ளம் வந்தது. பேழை மிதந்தது. பீவரின் படுக்கையருகே சலசலவென்று ஒரு சத்தம். அவசர வழியின் இடுக்கில் தண்ணீர்!

வான்கோழி உடனே கூட்டத்தைக் கூட்டியது. இங்கேதான் அந்த நாட்டாரை மெச்ச வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்றும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடவில்லை. ஆமைக்கும் முழு நேரம் கொடுத்தார்கள். அது இன்னும் "மதிப்புக்குரிய" என்பதையே முடித்தபாடில்லை.

"தலைவி அவர்களே, நான் அடைத்துவிடட்டுமா?" என்றது பீவர்.

"உங்கள் முறை நத்தைக்கு அடுத்தது. உட்காருங்கள்."

"உட்கார்ந்தால் மூழ்கிவிடுவேன், அம்மா!"

மனைவி காதோரம் கிசுகிசுத்தது: "என்னங்க, கடிச்சா நம்மள வெளியே தள்ளிடுவாங்க."

"கடிக்காட்டி, தள்ளுறதுக்கு ஆளே இருக்காது."

பீவர் தன் படுக்கைப் பலகையைக் கறக் கறக்கென்று கடித்து முறித்தது. யானைச் சாணத்தைக் குழைத்துக் கதவிடுக்கில் அப்பி, வாலால் அறைந்து இறுக்கியது. சத்தம் நின்றது.

கூட்டம் தொடர்ந்தது. பீவர் குற்றவாளி என்று ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்ததும் எல்லோரும் பீவருக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே தள்ளுவதை வெள்ளம் வடிந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று வான்கோழியே முன்மொழிந்தது. அன்று மாலை சோள ரொட்டி சுட்டு, தானே குற்றவாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது.

பேழை தரைதட்டிய அன்று, தீர்மானப்படி முதலில் வெளியேற்றப்பட்டது பீவர் குடும்பம்தான், குட்டிகளோடு.

அன்று முதல்தான் எங்கே தண்ணீர் சலசலத்தாலும் பீவர் யாரையும் கேட்காமல் ஓடிப்போய் அடைக்கிறது. ஓடைக்கரை வீடுகளின் நிலவறையில் அணைத் தண்ணீர் ஏறி நிற்பதும் அன்று முதல்தான்.