குற்றாலிங்கம் அலங்கரித்த குளியலறை

“எனக்குக் காவி எப்பம்மா கொடுப்பீங்க?”

குற்றாலிங்கம் இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. பொதிகை அடிவாரத்து மடத்துக்கு அவர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. வயது ஐம்பத்தெட்டு. மடத்தை நடத்தும் தாயம்மை அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் குரு குருதான். அவர் முன்னால் போனால் இவருடைய துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும்.

தாயம்மை என்றைக்கு நேராகப் பதில் சொன்னார், இன்றைக்குச் சொல்ல? வெளியூர்க்காரர்களுக்கென்று ஒரு குளியலறை, சுவர் மட்டும் எழும்பி நிற்கிறது, அதை உள்ளே அழகுபடுத்துகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் பேசலாம் என்றார்.

குற்றாலிங்கத்துக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பின்னே? மனுஷர் ஆயுசு பூராவும் பெரிய ஓட்டல்களுக்குக் குளியலறை அலங்காரம் செய்தவர். இதைவிட லேசான பரீட்சை உண்டா?

ஒரே மாதத்தில் முடித்துவிட்டார்.

தரைக்கு முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் கருப்பு டைல்ஸ். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. மூலையில் பித்தளை உருளி, அதில் செவ்வரளிப் பூ. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அழுக்காகிவிடுமே என்று பூட்டி வைத்தார். கேட்டவர்களுக்கு மட்டும் திறந்து காட்டினார், அதுவும் செருப்பைக் கழற்றச் சொல்லி. குளியலறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழ விடாத ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை காலை தாயம்மை வந்தார். வாசலில் நின்றபடியே பார்த்தார்.

“ரொம்ப அழகு,” என்றார். மனசாரத்தான் சொன்னார்.

அடுத்த வார்த்தை காவிதான் என்று குற்றாலிங்கம் கைகட்டி நின்றார்.

“முதல்ல உங்க வீட்டம்மா குளிக்கட்டும்.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

குற்றாலிங்கத்தின் மனைவி வடிவாம்பாள் தூத்துக்குடியில் தனியாக இருக்கிறார். மகன் பெங்களூரில். அந்த அம்மாவுக்கு இடது முட்டி மடங்காது. அதற்காக எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டாரா என்றால், அதுதான் இல்லை.

அவள் இங்கே எப்படிக் குளிப்பாள்? குற்றாலிங்கம் யோசித்தார். யோசிப்பானேன், பார்த்துவிடுவோமே என்று தோன்றியது.

முட்டி மடங்காதபடி இடது காலைத் துண்டால் இறுக்கிக் கட்டினார். தலையில் நல்லெண்ணெய் வைத்தார். சீயக்காயைக் குழைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கிண்ணத்தை வைக்க ஒரு மாடம் இல்லை. தரையில் வைத்தார். வைத்ததைக் குனிந்து எடுக்க முடியவில்லை. எப்படியோ எடுத்துத் தேய்த்தபோது சீயக்காய் கண்ணில் இறங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் துழாவினார். கைக்குக் கண்ணாடிதான் கிடைத்தது. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. தடாலென்று விழுந்தார்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் கதவைத் தள்ளினார்கள். அது உள்பக்கம் திறக்கிற கதவு. தள்ளத் தள்ள அவர் முதுகில்தான் இடித்தது. அவர் நகர்ந்தால்தான் கதவு திறக்கும், கட்டின காலோடு நகர முடியவில்லை. துண்டை அவிழ்த்து, தவழ்ந்து, ஒருவழியாக வெளியே வந்தார். நல்லவேளை, பலமான அடி இல்லை.

தலையில் பாதி சீயக்காயோடு நேரே தாயம்மையிடம் போனார். வெட்கம் கிட்கம் ஒன்றுமில்லை. வேலை தெரிந்த ஆள், மளமளவென்று சொன்னார். தரைக்குச் சொரசொரப்பான கல், சுவரில் கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு திட்டு, கை எட்டுகிற உயரத்தில் சோப்பு மாடம், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாளை ஆபத்துக்கு வெளியிலிருந்தும் நீக்க முடிய வேண்டும். எல்லாம் நாலைந்து நாள் வேலை என்றார்.

தாயம்மை கேட்டுக்கொண்டார்.

“தூத்துக்குடி வீட்டுல தரை எப்படி?”

“அதுவும் நான் போட்டதுதான்மா. ஓட்டல் வேலையில மிஞ்சின பளிங்கு...”

பாதியில் நிறுத்தினார்.

“கதவு?”

“உள்பக்கம்.”

குற்றாலிங்கம் அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார். குளியலறையில் பார்த்து நட, நான் சொல்லும்வரை அங்கே குளிக்காதே என்று படபடத்தார். இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இன்றைக்கு என்ன என்று அந்தப் பக்கம் வடிவாம்பாள் சிரித்தார்.

“விழுந்தா நானே எந்திரிச்சுக்கிடுதேன். எத்தனை தடவை எந்திரிச்சிருக்கேன். நீங்க சாமியைக் கும்பிடுங்க.”

குற்றாலிங்கம் போனை வைத்தார். பிறகு மடத்துக் கொத்தனாரைத் தேடிப் போய் உளியையும் சுத்தியலையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டார். மதியம்தான் பஸ். இப்போதே செருப்பை மாட்டிவிட்டார்.

தாயம்மை உள்ளே போய் மடித்த காவித் துணி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“இதை வாங்கிக்கலையா?”

குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்தார். கை பையை விடவில்லை.

“நாளைக்கு வெள்ளிக்கிழமைம்மா. அவ எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பா.”