புரட்டின வழி

உள்துணி கொடுத்துத் தைத்து, உள்ளே அடியில் அட்டை போட்ட கைப்பைக்குத்தான் கண்காட்சியில் முதல் பரிசு. "ஒவ்வொரு தையலும் நானே போட்டது" என்று மேடையில் மார்தட்டினார் பட்டறை முதலாளி தங்கவேலு.

நிஜமாகவே தைத்த மயிலாத்தா கூட்டத்திலிருந்து எழுந்தாள்.

"பையை உள்புறம் வெளியே இருக்கறாப்பல, வாயையும் உள்துணியோட சேத்துத் தைச்சுத்தானுங்க புரட்டுவோம்? நீங்க எந்த வழியாப் புரட்டுனீங்க?"

"வழியா? நான் தைச்ச பையில ஊசி நுழையக்கூட இடம் இருக்காது!"

மயிலாத்தா மேடையேறி, பைக்குள் கையை விட்டு அட்டையைத் தூக்கினாள். புரட்டுவதற்கென்று உள்துணியில் நாலு விரல் அகலம் தைக்காமல் விட்டு, பிறகு கையால் மூடித் தைத்த இடத்தை நடுவருக்குக் காட்டினாள்.

பரிசு கை மாறியது. முதலாளி இறங்குவதற்குப் படியைத் தேடினார்.

"பையோ பொய்யோ, திரும்பி வர ஒரு வழி விட்டுத்தானுங்க தைக்கோணும்" என்றாள் மயிலாத்தா.