மாரிக்கனியின் மாமா

ஒரே ஒரு ஊர். அந்தக் காலத்தில் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இது போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் நடந்தது.

ஊருக்கு வெளியே ஒரு சின்ன மடம். அங்கே உலகம்மைதான் குரு. முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. அவருடைய சீடர் குற்றாலலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. இரும்புக்கடைக்காரர்.

அன்றைக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"அம்மா, நான் சேலை வாங்கட்டுமா, வேண்டாமா?"

"யாருக்கு?"

"வருஷா வருஷம் தீபாவளிக்கு நூறு பொம்பளைங்களுக்குக் குடுப்பேன்ல, அதுக்கு. என் பேத்தி போன்ல என்னத்தையோ காட்டிட்டா. இந்தச் சேலைக்கு நூல் வர்ற மில்லுல பிள்ளைகளைப் பூட்டிவச்சு வேலை வாங்குறாங்களாம்."

"சரி."

"என்ன சரி? வாங்குனா பூட்டுனவனுக்குத்தான் என் காசு போகும். வாங்கலைன்னா நூறு பேரு என் வாசல்ல நின்னு வெறுங்கையோட போவாங்க. கைத்தறி வாங்கலாம்னா இருபது பேருக்குத்தான் வரும். மத்த எண்பது பேருக்கு என்ன சொல்ல? மூணு நாளாத் தூக்கமில்ல."

மாதிரிக்கு ஒரு சேலை கொண்டுவந்திருந்தார். உலகம்மை அதை வாங்கிப் பார்த்தார். மடித்து அவர் கையிலேயே திரும்ப வைத்தார்.

"இதுக்கு நூல் நூத்தவகிட்ட இதைக் குடுத்துட்டு வாங்க."

"அவ யாருன்னு தெரியாதேம்மா?"

"போனாத் தெரியும்."

குற்றாலலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் போனார்.

மில் மதில் இரண்டு ஆள் உயரம். மேலே கண்ணாடித் துண்டு பதித்திருந்தது. வாட்ச்மேன் நல்ல மாதிரி. ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

"சேலையா? அதெல்லாம் கம்பெனியே குடுத்துரும் சார். கூட ஒரு ஸ்வீட் பாக்ஸ்."

"தீபாவளிக்குப் பிள்ளைங்க வீட்டுக்குப் போகுமா?"

"தனியா யாரையும் விடமாட்டோம். சொந்தக்காரங்க வந்து கையெழுத்துப் போட்டாக் கூட்டிட்டுப் போகலாம்."

"யாரும் வரலைன்னா?"

"வரலைன்னா உள்ளதான்."

அப்போது விடுதியிலிருந்து மில்லுக்குள் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். தலையெல்லாம் பஞ்சு. அதில் ஒருத்தி நின்றாள். இவரையே பார்த்தாள். திடீரென்று கேட்டுக்கு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா! வந்துட்டீங்களா மாமா!"

குற்றாலலிங்கம் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலையா மாமா? என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லுச்சா?"

"ஒங்கம்மாவை எனக்குத் தெரியாதேம்மா."

"மாமா..."

வாட்ச்மேன் நோட்டை எடுத்தே விட்டான்.

"அட, மாரிக்கனிக்கு ஒரு வருஷத்துல மொத ஆளு. முன்னாடியே சொல்லக் கூடாதா சார்? மாமாதானே நீங்க?"

பேனாவையும் நீட்டினான்.

அவள் கண் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லப்பா," என்றார் குற்றாலலிங்கம். "புள்ள ஆள் மாறிப் பேசுது."

வார்டன் அம்மா வந்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அவள் அழவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

குடுக்காத சேலையோடு மடத்துக்கு வந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"பொய் சொல்ல நா வரலைம்மா. நான் செஞ்சது சரியா, தப்பா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த உலகம்மை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். கையைத் துடைத்தார்.

"பேரு மாரிக்கனியா?"

"ஆமா."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க?"

"எங்க அக்கா மகளைக் கூட்டிட்டு வர."

"எந்த அக்கா? ஒங்களுக்கு ஏது அக்கா?"

"மாரிக்கனியோட அம்மா."

"நான்தான் மாமா இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேனே!"

"நீங்க இல்ல. நான் சித்தி."



"அம்மா, நீங்க காவி கட்டுனவங்க. பெத்த தாய் செத்ததுக்கே நீங்க போகலை. சொந்தம்னு யாரும் இல்லைன்னு எழுதியே குடுத்துட்டு வந்தவங்க."

"காலைல வரைக்கும் யாரும் இல்ல."

சொல்லிவிட்டு உலகம்மை நடந்தார்.

குற்றாலலிங்கம் நின்றார். அப்புறம் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.