மாசிலாமணியின் மழைக்காலம்

மலைக்குக் கிழக்கே ஒரு குளத்தில் மாசிலாமணி என்றொரு தவளை இருந்தது. சேற்றிலே பிறந்து சேற்றிலே வளர்ந்த தவளைக்கு இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, தெரியாது. ஆனால் பெயரைவிடப் பெரிய பெருமை ஒன்று அதற்கு இருந்தது. மழையைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று அது நம்பியது.

"நான் குரல் குடுத்தாத்தான் மேகமே கூடும்!" என்று அடிக்கடி சொல்லிக்கொள்ளும்.

"போன வருஷம் ஏன் கூடல?" என்று மனைவி பவளக்கொடி கேட்கும்.

"எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு!"

பங்குனி மாதம் ஒருநாள் மலைக்கு மேற்கேயிருந்து ஒரு வாலாட்டிக் குருவி வந்து கரையில் இறங்கியது. மாசிலாமணியின் ஒரே தங்கை செங்கமலம் வாழ்க்கைப்பட்ட ஊர் அந்தப் பக்கம்தான்.

"உங்க தங்கச்சி சொல்லி அனுப்பினாங்க. மழைக்காலத்துல அவங்க பொண்ணு அல்லிக்குக் கல்யாணம். நீங்க வந்து சேர்ந்ததும் முகூர்த்தம். தாய்மாமன் முதுகுல ஏறித்தான் பொண்ணு குளத்துல இறங்கணும். நீங்க கட்டாயம் வந்துடணுமாம்!"

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தவளைக் குலத்தில் தாய்மாமன் முதுகு இல்லாமல் முகூர்த்தம் இல்லை. தங்கையைப் பார்த்தும் பல வருஷமாயிற்று. கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்காவிட்டால் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

"எந்த மாசம்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றது பவளக்கொடி.

"யாரு, நானா? மழைக்காலம் எப்போன்னு ஒரு தவளை போய்க் குருவிகிட்டக் கேட்டா ஊரு சிரிக்காதா? மழைக்காலம்னா ஐப்பசி!"

"இல்லைங்க, அந்தப் பக்கம்..." என்று குருவி வாயைத் திறந்தது.

"நீ கிளம்பும்மா! வெயில் ஏறுறதுக்குள்ள பறந்துடு!" என்று அதை அனுப்பிவிட்டது மாசிலாமணி.

பயணத் திட்டம் அன்றைக்கே தயாரானது. ஐப்பசி முதல் மழையில் புறப்பட வேண்டும். பகலில் வயல் வரப்பு, அந்தி சாய்ந்ததும் வாய்க்கால் ஓரம். மழைக்கு முன்னால் புறப்பட்டால் பாதி வழியில் கருவாடுதான். எல்லாவற்றையும் ஈர மண்ணில் கோடு கோடாகக் கீறி வைத்தது. ஓர் எருமை வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது. மாசிலாமணி அசரவில்லை. எருமை எழுந்ததும் மறுபடி கீறியது.

பொண்ணைச் சுமக்க முதுகு பழக வேண்டுமே! பக்கத்து வீட்டு நத்தையைத் தினமும் முதுகில் ஏற்றிக்கொண்டு குளத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. நத்தைக்கு ஒரே வெட்கம்.

ஆனி வந்தது. மலை உச்சியில் கருகருவென்று ஏதோ திரண்டு நின்றது.

"ஏங்க, அது மேகம் மாதிரி இருக்கே!"

"புகைடி! மலையில யாரோ சருகு எரிக்கிறாங்க!"

"இடிச் சத்தம் கேக்குதே!"

"உனக்குப் பசி. வயிறு சத்தம் போடுது!"

ஆடி வந்தது. குளத்தின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரையும் செம்மண்ணுமாகப் புரண்டு வந்தது. கரையில் பெண்கள் விளக்கு வைத்துத் தண்ணீரைக் கும்பிட்டார்கள்.

"இங்க மழையே இல்ல. இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டது பவளக்கொடி.

கேள்வி நியாயமான கேள்விதான். மழை நிபுணர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

"தண்ணி வந்தா குளி! ஆராய்ச்சி பண்ணாதே!" என்றது மாசிலாமணி.

(இதைச் சொல்கிற நானும் வெளியூருக்குக் குடையோடு போய் வெயிலில் நின்றவன்தான். அதனால் அதிகம் சிரிக்கவில்லை.)

ஐப்பசி பிறந்தது. முதல் மழை கொட்டியது. போட்ட திட்டத்தில் இம்மியும் பிசகாமல் மாசிலாமணி புறப்பட்டது. சீர்வரிசையாகத் தாமரை இலையில் கட்டிய ஈசல் பொட்டலம் ஒன்று வாயில் தொங்கியது. வரப்பு, வாய்க்கால், கணவாய் எல்லாம் தாண்டி, ஐப்பசி முடிகிற சமயத்தில் தங்கையின் குளத்தங்கரையில் போய் நின்றது. வழியெல்லாம் ஒரே யோசனைதான். வந்துவிட்டேன், இனி முகூர்த்தம் நடக்கும்!

கரையில் வாலில்லாத சின்னஞ்சிறு தவளைகள் பத்துப் பதினைந்து துள்ளிக்கொண்டிருந்தன.

"நீங்க யாரு?" என்றது ஒன்று.

"நான் தாய்மாமன்! அல்லி கல்யாணத்துக்கு வந்திருக்கேன்!" என்று பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னது மாசிலாமணி.

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"எங்க அம்மா கல்யாணத்துக்கா?"

மாசிலாமணியின் கையிலிருந்து பொட்டலம் விழுந்தது.

"அம்மாவைச் சுமந்த தாத்தா இவரு இல்ல. அவரு அதோ, அங்க மிதக்குறாரு பாருங்க!" என்றது இன்னொரு குட்டி.

அங்கே குளத்தின் நடுவில் ஒரு தேங்காய் மட்டை மிதந்துகொண்டிருந்தது.

"மட்டைத் தாத்தா! மட்டைத் தாத்தா!" என்று குட்டிகள் கூவின.

சத்தம் கேட்டுச் செங்கமலம் ஓடி வந்தது. அண்ணனைப் பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஆனி பூரா உங்க வழியைத்தானே பாத்துக்கிட்டு நின்னேன் அண்ணே! கொட்டுற மழையில நின்னேனே!"

"ஆனியிலயா? நீ மழைக்காலம்னு சொன்னியேம்மா!"

"மலைக்கு இந்தப் பக்கம் ஆனிதானே மழைக்காலம்? இப்போ பெய்யுறது மிச்சம் மீதி!"

மாசிலாமணிக்குச் சருகுப் புகை நினைவுக்கு வந்தது. செம்மண் தண்ணீர் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்த குருவியை விரட்டியதும் நினைவுக்கு வந்தது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்புறோம்னு நின்னாங்க. அல்லி அழுதா. அப்போ வெள்ளத்துல இந்த மட்டை வந்து கரையில ஒதுங்குச்சு. அது முதுகுல ஏத்தி அனுப்பிட்டோம். உங்க இடத்துல ஒரு மட்டையை வெச்சேன், மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றது செங்கமலம்.

மாசிலாமணிக்கு நெஞ்சு வலித்தது. ஆறு மாதம் பழக்கிய முதுகு சும்மா நின்றது. ஒரு முறை மூக்கை உறிஞ்சியது. பிறகு தண்ணீரில் இறங்கி நீந்திப் போய் மட்டையின் எதிரில் நின்றது.

"மச்சான்! உனக்குக் கண்ணு இல்ல, காது இல்ல. மழையைப் பத்திப் பேச வாயும் இல்ல. ஆனா தண்ணி வந்தப்போ தண்ணியோட வந்தே. எனக்கு இதெல்லாம் இருந்துச்சு, வாய் மட்டும் கொஞ்சம் கூடுதலா. தாய்மாமன் பட்டம் உனக்கே இருக்கட்டும்!" என்று தலை குனிந்து கும்பிட்டது.

கரையில் சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தது அல்லிதான். அது ஒரே தாவலில் வந்து மாசிலாமணியின் முதுகில் ஏறிக்கொண்டது. குட்டிகளும் ஏறின. அத்தனை பேரையும் சுமந்து மாசிலாமணி குளத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. மூச்சு வாங்கியபோதும் இறக்கிவிடவில்லை.

விடைபெறும்போது செங்கமலம் சொன்னது: "சின்னவளுக்கும் மாப்பிள்ளை பாத்தாச்சு அண்ணே. வர்ற மழைக்காலத்துல..."

"நிறுத்து! எந்த மாசம்? உன் மழையா, என் மழையா?" என்று அலறியது மாசிலாமணி.

வீட்டுக்குத் திரும்பியதும் பவளக்கொடி ஆவலாகக் கேட்டது.

"கல்யாணம் எப்படிங்க நடந்துச்சு?"

"ஒரு குறையும் இல்ல. என்னைவிட நல்ல தாய்மாமனைப் புடிச்சு வெச்சிருந்தாங்க!"

போகிற ஊரின் மழையை அந்த ஊர்க்காரரிடம் கேட்காமல் தன் வீட்டு வாசலில் நின்றே நாள் குறிக்கிறவர், கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.